வாசலைப் பூட்டியவருக்கு வக்காலத்து வேண்டாம்

கூகுள் மீது வழக்கு, ஆப்பிளுக்கு அபராதம் என்று செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே ஒரே பேச்சுதான் எழுகிறது. "நல்ல பொருளைத் தந்தார்கள், மக்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். அதுவும் இலவசமாக. பிடிக்காதவர்கள் வேறொன்றுக்குப் போகட்டுமே, யார் தடுத்தது? முன்னேறியவர்களைப் பிடித்து இழுத்தால் நாளைக்கு யார் புதிதாக எதைக் கண்டுபிடிப்பார்கள்?" வணிகப் பத்திரிகைகளின் தலையங்கங்களில் இது நாகரிகமான மொழியில் வருகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் பச்சையாகவே வருகிறது. தமிழர்களிடம் கூடவே ஒரு பெருமிதமும் சேர்ந்துகொள்கிறது: மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை தலைமை வகிக்கும் நிறுவனத்தை ஏன் வம்புக்கு இழுக்க வேண்டும்?

இந்தக் கருத்து தவறு. நம்மூர்த் தொழில்முனைவோருக்கும் நுகர்வோருக்கும் கேடு விளைவிக்கும் தவறு. பலரும் நம்பிச் சொல்வதால் இதை ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். "வளர்ந்ததற்காகத் தண்டிக்கிறார்கள்" என்பது உண்மையல்ல. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், 4-ஆம் பிரிவில், சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் தடை செய்கிறது. ஆதிக்கம் பெறுவதை எங்கும் தடை செய்யவில்லை. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டமும் அப்படித்தான். சிறந்த பொருளைத் தந்து ஒருவர் சந்தை முழுவதையும் பிடித்தாலும் அது குற்றமாகாது. பிடித்த பிறகு மற்றவர் உள்ளே வரமுடியாதபடி வழியை அடைப்பதுதான் குற்றம். 1998-ல் தொடங்கிய கூகுளின் தேடல், அன்றிருந்த மற்றத் தேடுபொறிகளைவிட மேலானதாக இருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. அந்த முதல் வெற்றியைக் காட்டி, அதற்குப் பின் நடந்த எல்லாவற்றுக்கும் நற்சான்று வழங்குவதைத்தான் ஏற்க முடியாது.

"மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்" என்பது அவர்களின் முதல் வாதம். அமெரிக்க நீதித்துறை 2020 அக்டோபரில் தொடுத்த வழக்கில் இந்த வாதம் நீதிமன்றத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. 2023 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடலில் ஏகபோகம் பெற்ற நிறுவனம், அந்த ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். அந்த விசாரணையில் வெளிவந்த ஓர் எண் எல்லா வாதங்களையும்விட வலுவானது. போன்களிலும் உலாவிகளிலும் தன் தேடலே இயல்பாக அமைந்திருக்க வேண்டும் என்பதற்காக 2021-ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். 2022-ல் ஆப்பிளுக்கு மட்டும் ஏறத்தாழ 2,000 கோடி டாலர்.

மக்கள் தரத்தைப் பார்த்துத் தாங்களாகவே தேடி வருகிறார்கள் என்றால், இவ்வளவு பணத்தை ஏன் கொட்ட வேண்டும்? பெரும்பாலானவர்கள் போனில் எது அமைந்திருக்கிறதோ அதையே பயன்படுத்துவார்கள் என்பது கூகுளுக்கு நன்றாகத் தெரியும். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் பிங் தேடுபொறிதான் இயல்பாக அமைந்திருக்கிறது. அங்கே தேடல்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு பிங்குக்கே போகிறது என்பதையும் நீதிமன்றம் பதிவு செய்தது. அதே பிங், ஒட்டுமொத்தச் சந்தையில் பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆக, தரத்தைவிட இடமே தேர்வைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த இடத்தைத்தான் கூகுள் ஒப்பந்தம் போட்டு வாங்கி வைத்திருந்தது.

இந்தியாவில் நடந்ததை இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். புதிய ஆண்ட்ராய்டு போன் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து இயக்கினால், முகப்புத் திரையிலேயே கூகுளின் தேடல் பட்டை நிற்கும். பக்கத்தில் கூகுள் என்று பெயரிட்ட ஒரு கோப்புறை. அதைத் தொட்டால் குரோம், ஜிமெயில், மேப்ஸ், யூடியூப் எல்லாம் வரிசையாக இருக்கும். போன் தயாரித்தவர் தன் விருப்பப்படி அடுக்கிய வரிசை என்றுதான் வாங்குபவர் நினைப்பார். ஆனால் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் இந்தத் தொகுப்பு முழுவதையும் நிறுவியாக வேண்டும், தேடல் பட்டை இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் கூகுள் ஒப்பந்தம் வாங்கியிருந்தது. ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்களில் இயங்கும் கருவிகளைத் தயாரிக்கக் கூடாது என்று இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. பிளே ஸ்டோர் இல்லாத ஆண்ட்ராய்டு போனை இந்தியச் சந்தையில் விற்க முடியாது என்பதால் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இதை ஆராய்ந்த இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை தர மறுத்த பிறகுதான், 2023 ஜனவரியில், இந்தியாவில் செயலிகளைத் தனித்தனியாக உரிமம் பெற்று நிறுவலாம், பயனர் தமக்குரிய தேடுபொறியைத் தேர்ந்துகொள்ளலாம் என்று கூகுள் அறிவித்தது. ஆணையம் தலையிடும்வரை இந்தத் தேர்வே நம் கையில் இருக்கவில்லை.

"பிடிக்காவிட்டால் வேறொருவர் நல்ல தேடுபொறியைக் கட்டிக் காட்டட்டும்" என்பது அடுத்த வாதம். கட்டிக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். சென்னை ஐஐடியில் படித்த ஸ்ரீதர் ராமசாமி, கூகுளின் விளம்பரப் பிரிவுக்கே தலைமை வகித்தவர். அங்கிருந்து விலகி 2019-ல் நீவா என்ற தேடுபொறியைத் தொடங்கினார். விளம்பரம் கிடையாது, பயனரைப் பின்தொடர்வது கிடையாது, சந்தாவே வருமானம். தொழில்நுட்ப அறிவு இருந்தது, முதலீடு இருந்தது, இந்தத் தொழிலை உள்ளிருந்து பார்த்த அனுபவம் இருந்தது. ஆனாலும் 2023-ல் பொதுமக்களுக்கான அந்தத் தேடல் சேவை மூடப்பட்டது. தேடுபொறியைக் கட்டுவது ஒரு வேலை, சாதாரணப் பயனரை அதற்கு மாற வைப்பது அதைவிடப் பெரிய வேலை என்பதே அந்த முயற்சியின் அனுபவமாக இருந்தது. பிச்சையின் வெற்றியைத் தமிழன் என்ற முறையில் கொண்டாடுகிறவர்கள் ராமசாமியின் முயற்சியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கூகுளுக்குள்ளேயே உச்சிக்குப் போனவருக்கே வெளியே வந்து போட்டியிட வழி இல்லை என்றால், கோயம்புத்தூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ கிளம்பும் ஓர் இளைஞருக்கு எந்த வழி திறந்திருக்கும்?

"இலவசம்தானே, நுகர்வோருக்கு என்ன நட்டம்?" என்று அடுத்துக் கேட்கிறார்கள். தேடுகிறவர் காசு கொடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் தேடல் பக்கத்தில் இடம் வாங்கும் விளம்பரதாரர் கொடுக்கிறார். போட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் தேடல் விளம்பரங்களின் விலையை உயர்த்தும் நிலையில் கூகுள் இருந்தது என்பது மேத்தா தீர்ப்பின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. அந்த விலை நேரே விளம்பரதாரரின் செலவுக் கணக்கில் ஏறுகிறது. காப்பீடு விற்பவர், பயணச்சீட்டு விற்பவர், படிப்பு விற்பவர் எல்லாரும் அதைத் தங்கள் பொருளின் விலையில்தான் ஏற்றுவார்கள். அதோடு செய்தித்தாள்களும் இணையதளங்களும் விளம்பர வருமானத்தில் இழப்பது தனிக் கணக்கு. இணைய விளம்பரங்களை ஏலம் விடும் சந்தையிலும், அதற்காக வெளியீட்டாளர்கள் பயன்படுத்தும் மென்பொருளிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று 2025 ஏப்ரலில் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா தனியாகத் தீர்ப்பளித்திருக்கிறார். நீங்கள் படிக்கும் பத்திரிகையின் வருமானத்தைப் பாதிக்கும் ஒன்றை இலவசம் என்று எப்படிச் சொல்வது?

இனி, இலவசமே இல்லாத இடத்துக்கு வருவோம். அது பிளே ஸ்டோர். செயலிக்குள் சந்தா, பாடம், கதை, இசை போன்ற எண்ணிமப் பொருள்களை விற்பவர்கள் கூகுளுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். சந்தா என்றால் 15 விழுக்காடு. மற்றவற்றில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வருவாய்வரை 15, அதற்கு மேல் 30. கூகுளின் கட்டண முறையையே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயத்துக்காகப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25 அன்று 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் பிறகு வேறு கட்டண முறையைப் பயன்படுத்தலாம் என்று கூகுள் அனுமதித்தது. எப்படி அனுமதித்தது என்பதைப் பார்க்க ஒரு கணக்குப் போட்டால் போதும். ஆயிரம் ரூபாய் சந்தாவைக் கூகுளின் வழியில் வசூலித்தால் பங்கு 150 ரூபாய். வேறு வழியில் வசூலித்தால் நான்கு விழுக்காடு தள்ளுபடி, எனவே பங்கு 110 ரூபாய். அந்த வேறு வழிக்கு உரிய கட்டணத்தையும், அதை நடத்தும் செலவையும் செயலி நிறுவனமே தனியாகக் கொடுக்க வேண்டும். மிச்சம் பெரிதாக எதுவும் இருக்காது. கூகுளின் வழியாகப் பணம் போகவே இல்லை என்றாலும் 110 ரூபாய் போயாக வேண்டும். பணத்தைக் கைமாற்றித் தரும் வேலைக்கான கூலி என்று இதைச் சொல்ல முடியாது. வாசலில் நின்று வாங்கும் வரி இது.

இதற்குக் கூகுள் தரும் பதில், இந்தியச் செயலி நிறுவனங்களில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே இந்தப் பங்கைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது. எண் சரியாகவே இருக்கட்டும். அந்தச் சிலர் யார் என்பதுதான் கேள்வி. எண்ணிமப் பொருளை விற்றுத் தொழில் நடத்துபவர்கள் அவர்கள். கூகுளோடு நேரடியாகப் போட்டியிடுகிறவர்களும் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள். கூகுளின் சொந்தச் செயலியான யூடியூப் இந்தக் கட்டண முறைக்கு உட்படவில்லை, அதனால் மற்றவர்கள் சுமக்கும் சுமை அதற்கு இல்லை என்று ஆணையம் தன் உத்தரவில் சுட்டிக்காட்டியது. வாரச்சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவரே உள்ளே கடையும் போட்டு, மற்றக் கடைகளிடம் சுங்கம் வசூலித்து, தன் கடைக்கு மட்டும் சுங்கம் இல்லை என்று சொன்னால் எந்த ஊரில் பொறுத்துக்கொள்வார்கள்?

இந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதை 2024 மார்ச் 1 காட்டியது. பங்கு கொடுக்க மறுத்த இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து அன்று நீக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி செயலியும் அவற்றுள் ஒன்று. பிள்ளைக்கு வரன் பார்க்க அந்தச் செயலியைத் தேடிய புதிய குடும்பம் எதற்கும் பிளே ஸ்டோரில் அது அன்று கிடைக்கவில்லை. நீண்ட அவகாசம் கொடுத்தோம், மற்றவர்கள் கொடுக்கிறார்கள், இவர்கள் மட்டும் கொடுக்கவில்லை என்பது கூகுளின் விளக்கம். மத்திய அமைச்சர் தலையிட்டுப் பேசிய பிறகு சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்தன. பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு தொழிலை ஒரே நாளில் சந்தையிலிருந்து அகற்றும் ஆற்றல் ஒரு தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. அதற்குத் தீர்வு காண அமைச்சர் தொலைபேசியை எடுக்க வேண்டியிருக்கிறது. அமைச்சரின் காதை எட்ட முடியாத சிறு நிறுவனம் என்ன செய்யும்? ஆள் பார்த்துக் கிடைக்கும் தயவுக்குப் பதிலாக எல்லாருக்கும் பொதுவான விதி வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

"ஒழுங்குமுறை வந்தால் புதுமை சாகும்" என்பதுதான் இவர்கள் எடுக்கும் மிகப் பெரிய ஆயுதம். வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஏகபோக வழக்கு ஒன்றில் 1956-ல் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தோடு அமெரிக்க அரசு செய்துகொண்ட சமரசத் தீர்ப்பின்படி, டிரான்சிஸ்டர் உட்பட அந்த நிறுவனத்தின் ஏறத்தாழ எட்டாயிரம் காப்புரிமைகள் மற்றவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அமெரிக்க மின்னணுத் தொழில் தழைக்க அது ஒரு முக்கியக் காரணம். 1969-ல் ஐபிஎம் மீது ஏகபோக வழக்கு வந்த அதே ஆண்டில், கணினியோடு சேர்த்தே தந்துகொண்டிருந்த மென்பொருளைப் பிரித்துத் தனி விலைக்கு விற்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. மென்பொருள் தனித் தொழிலாக வளர அது வழிவிட்டது. அந்தத் தொழிலில்தான் இன்று நம் பிள்ளைகள் லட்சக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள்.

கூகுளின் கதையே இதற்குச் சான்று. 1998 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. விண்டோஸோடு தன் உலாவியைக் கட்டி, போட்டி உலாவியான நெட்ஸ்கேப்பை நசுக்கியது என்பது குற்றச்சாட்டின் மையம். அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனமாகப் பதிவானது. மைக்ரோசாஃப்டை இரண்டாகப் பிரிக்கும் உத்தரவை 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கினாலும், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற முடிவை உறுதி செய்தது. வழக்கின் கண்காணிப்பில் இருந்த மைக்ரோசாஃப்ட், புதிதாக வந்த தேடுபொறியை விண்டோஸுக்குள் வைத்து நெரிக்கத் துணியவில்லை. தான் வளர்ந்தபோது தனக்கு நிழல் கொடுத்த சட்டத்தை, வளர்ந்த பிறகு மற்றவர்களுக்கு வேண்டாம் என்று கூகுள் சொல்வதை நாம் எதற்கு ஏற்க வேண்டும்?

"பொறுமையாக இருங்கள், சந்தை தானே சரிசெய்துகொள்ளும், இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது பாருங்கள்" என்பது கடைசி அரண். 2025 செப்டம்பரில் தன் தீர்வு உத்தரவை வழங்கிய மேத்தாவும், செயற்கை நுண்ணறிவு நிலைமையை மாற்றியிருக்கிறது என்று கருதி, குரோமை விற்கச் சொல்ல மறுத்தார். இதைப் பலர் கூகுளின் வெற்றியாகக் கொண்டாடினார்கள். ஆனால் அதே உத்தரவு, தேடல், குரோம் ஆகியவற்றோடு ஜெமினி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிக்கும் பிரத்தியேக ஒப்பந்தங்கள் போடத் தடை விதித்ததை அவர்கள் சொல்வதில்லை. பழைய பூட்டைப் புதிய வாசலிலும் மாட்ட முடியும் என்று நீதிமன்றமே உணர்ந்ததால் வந்த தடை அது.

மெட்டா வழக்கையும் எதிர்த்தரப்பு மேற்கோள் காட்டும். 13 பேர் வேலை பார்த்த இன்ஸ்டாகிராமை 2012-ல் நூறு கோடி டாலருக்கு, இன்று மெட்டா எனப்படும் ஃபேஸ்புக் வாங்கியது. அன்று ஆட்சேபிக்காத அமெரிக்க வர்த்தக ஆணையம் 2020 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2025 நவம்பரில், டிக்டாக்கும் யூடியூபும் போட்டியிடும் இன்றைய சந்தையில் மெட்டாவுக்கு ஏகபோகம் இல்லை என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கிய நாளிலிருந்து தீர்ப்புவரை 13 ஆண்டுகள் ஓடிவிட்டன. தனித்து வளர்ந்திருக்கக்கூடிய ஒரு போட்டியாளரை இனி எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் ஃபவுண்டம் இன்னொரு சாட்சி. கணவனும் மனைவியும் சேர்ந்து 2006-ல் தொடங்கிய விலை ஒப்பீட்டு இணையதளம் அது. தொடங்கிய சில நாட்களிலேயே கூகுள் தேடலில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2009-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். 2017-ல் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அதை ஐரோப்பிய ஒன்றியத்தின் உயர்மட்ட நீதிமன்றம் இறுதியாக உறுதி செய்தது 2024 செப்டம்பரில். ஃபவுண்டம் 2016-லேயே மூடப்பட்டுவிட்டது. வழக்கில் வென்றபோது கடை இல்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான். தேடல் முடிவுகளில் பாரபட்சம் குறித்து மேட்ரிமோனி நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகார்களின் மீது 2012-ல் தொடங்கிய வழக்கில், ஆணையம் 2018 பிப்ரவரியில்தான் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிளே ஸ்டோர் அபராதமான 936.44 கோடியை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது. தவறு நடந்தது என்ற முடிவை மட்டும் நிலைநிறுத்தியது. ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடி டாலர் இலாபம் பார்க்கும் நிறுவனத்துக்கு இது தொழில் நடத்தும் செலவுகளில் ஒன்று.

ஆகவேதான் நடந்த பிறகு அபராதம் போடும் முறை போதாது, நடப்பதற்கு முன்பே விதி வேண்டும் என்கிறோம். நிதித்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 டிசம்பரிலேயே இதைப் பரிந்துரைத்தது. 2024 மார்ச்சில் எண்ணிமப் போட்டி மசோதாவின் வரைவு வெளியானது. சொந்தச் சேவைக்கு முன்னுரிமை தரக் கூடாது, ஒரு சேவையோடு இன்னொன்றைக் கட்டாயமாகக் கட்டக் கூடாது, வணிகர்களின் தரவை அவர்களுக்கு எதிராகவே பயன்படுத்தக் கூடாது என்பவை அதன் சாரம். "சிறு நிறுவனங்கள் இதில் நசுங்கும்" என்று எழுதுகிறவர்கள் வரைவைப் படிக்க வேண்டும். இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல் போன்ற நிதி வரம்புகளில் ஒன்றைத் தாண்டியிருக்க வேண்டும். அதோடு ஒரு கோடி பயனர்களோ பத்தாயிரம் வணிகப் பயனர்களோ இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு நிறுவனம் விதிக்குள் வரும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் இதன் அருகில்கூட வரமாட்டார்.

விதி வந்தால் தேர்வு பெருகும் என்பதை நாம் ஒருமுறை பார்த்தே இருக்கிறோம். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே தொலைபேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. எந்த நிறுவனமும் தானாக விரும்பித் தந்ததல்ல, ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டு வந்தது. அதனால் தொலைபேசித் தொழில் அழியவில்லை. வாடிக்கையாளர் எண்ணுக்காக ஒரே நிறுவனத்திடம் கட்டுண்டு கிடந்த நிலைதான் முடிந்தது. ஐரோப்பாவில் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் எண்ணிமச் சந்தைச் சட்டத்தின் கீழ் உலாவித் தேர்வுத் திரை வந்ததும், சிறிய உலாவிகள் சிலவற்றின் பயனர்கள் கூடினார்கள். அதே சட்டத்தைக் காரணம் காட்டி ஆப்பிள் சில வசதிகளை ஐரோப்பியர்களுக்குத் தாமதமாகவே தருகிறது என்று எதிர்த்தரப்பு சொல்லும். உண்மைதான். ஒரு கண்டத்தின் சட்டத்தோடு பேரம் பேசும் அளவுக்கு ஒரு நிறுவனத்திடம் அதிகாரம் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

கூகுளை உடைக்க வேண்டும் என்றோ, அதைப் பயன்படுத்துவதை விட்டுவிட வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. அது நல்ல பொருளாக இருக்கும்வரை மக்கள் பயன்படுத்தட்டும். ஆனால் நல்ல பொருள் என்பதை அது ஒவ்வொரு நாளும் மெய்ப்பிக்க வேண்டும், ஒப்பந்தங்களால் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. எண்ணிமப் போட்டி மசோதா இன்றுவரை சட்டமாகவில்லை. நம்முடைய நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நம்மூர்த் தொழில்முனைவோர் அமைப்புகள் அஞ்சாமல் அதற்காகப் பேச வேண்டும். இனி யாராவது உங்களிடம் "பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குப் போகலாமே" என்று சொன்னால், அந்த வேறொன்று வரும் வழியை யார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.